எண்ணிக்கை சரி, வேலை நடக்கிறதா? எதிர்ப்பு செல்களுக்குள் கால்சியமும் பி.ஹெச்.சும் அளக்கும் விதம்

இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்று 1986ல் தெரியவந்தபோது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதித்துச் சொன்னது வேலூர் சி.எம்.சி. ஆய்வகம்தான். அதற்குப் பிந்தைய வருடங்களில் 'சிடி4 கவுண்ட்' (டி செல் எனப்படும் எதிர்ப்பு செல்களில் சிடி4 வகையின் எண்ணிக்கை) என்ற சொல் மருத்துவமனையைத் தாண்டி குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருந்தால் மூச்சு விடலாம், 200க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்ற கணக்கு பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பழகிப்போனது. அந்த எண்ணைத் தருகிற முக்கியமான கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர். ரத்தப் புற்றுநோயில் எந்த வகை செல் பெருகியிருக்கிறது என்று பிரித்துச் சொல்லவும் அதே கருவிதான் உதவுகிறது. ஆய்வகத்தில் எல்லோரும் சுருக்கமாக 'ஃப்ளோ' என்பார்கள். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

செல் எத்தனை இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இருக்கிற செல் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஃப்ளோ நல்ல பதில் தருகிறது என்பதாலேயே, இரண்டாவதையும் அது சொல்லிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் தவறாமல் நிமோனியா, வாய்ப்புண், நிற்காத பேதி என்று அல்லாடும் கைக்குழந்தைக்கு டி செல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், எதிர்ப்பு சக்தியில் கோளாறு இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது. செல்லை உசுப்பிவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த நிமிடங்களில் முதலில் அசைபவற்றில் இரண்டு, கால்சியமும் அமிலத்தன்மையும். இரண்டையும் ஃப்ளோவிலேயே அளக்கலாம். ஆனால் சிடி4 ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி அந்த முடிவைப் படிக்க முடியாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்று போட்டிருக்குமே, அந்தக் கால்சியம் இது இல்லை. அது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ளது. நாம் பேசுவது செல்லுக்கு உள்ளே, அதன் சாறில் தனித்து மிதக்கும் கால்சியம் அயனியைப் பற்றி. வெளியே ரத்தத்தில் இப்படித் தனித்து நிற்கும் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிமோல். ஓய்வில் இருக்கும் டி செல்லுக்குள்ளே ஏறக்குறைய 100 நானோமோல், அதாவது வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே செல் இடைவிடாமல் சக்தியைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் உள்ளே இருக்கும் அளவு கூடிவிடாது.

இவ்வளவு பாடுபட்டு அளவைத் தாழ்வாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே வந்தாலே பெரிய மாற்றமாகத் தெரியும். டி செல்லின் ஏற்பி தனக்குரிய எதிரியின் துண்டை அடையாளம் கண்டதும், செல்லுக்குள் ஒரு நொதி சவ்வில் உள்ள கொழுப்பை வெட்டி, ஐபி3 என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. அது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உள்ளறையில் சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. இது முதல் ஏற்றம், சிறியது, நிலைக்காது. அந்தச் சேமிப்பு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஓராய்1 என்ற வழியைத் திறக்கவைக்கிறது. அப்போதுதான் வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அளவு 100 நானோமோலில் இருந்து பல மடங்கு ஏறி, 1000 நானோமோல் பக்கம்கூடப் போகலாம். அப்படி ஏறியது நீடித்து நின்றால்தான் கால்சினியூரின் என்ற நொதி மரபணுக்களை இயக்கும் என்ஃபாட் புரதத்தை செல்லின் கருவுக்குள் அனுப்பும், டி செல்லைப் பெருகச் சொல்லும் இன்டர்லூகின்-2 உற்பத்தி ஆரம்பிக்கும், செல் பெருகும்.

ஸ்டிம்1 செய்கிற வேலை தெரியவந்தது 2005ல், ஓராய்1 அடையாளம் காணப்பட்டது 2006ல். அவ்வளவு சமீபத்தில்தான். ஓராய்1ஐக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர்களில் இரண்டு குழந்தைகளும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, கடுமையான எதிர்ப்புக் குறைபாட்டோடு இருந்த குழந்தைகள் அவர்கள். அவர்களுடைய டி செல் எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் எவ்வளவு உசுப்பினாலும் கால்சியம் உள்ளே வரவில்லை. ஓராய்1 புரதத்தின் 91வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததுதான் காரணம். அந்த மாற்றத்தை அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி என்று இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், சில குடும்பங்களில் அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே பெண் எடுப்பது நம் பக்கம் இன்றும் உண்டு. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட அரிய பரம்பரைக் குறைபாடுகள் நம் ஊர்க் குழந்தைகளிடமும் வரக்கூடும் என்பதை மருத்துவர்கள் மனதில் வைத்துத் தேடவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கால்சியத்திலிருந்து கால்சினியூரினுக்குப் போகும் இந்தப் பாதை வேலூருக்கு இன்னொரு வகையிலும் பழக்கமானது. 1971ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை சி.எம்.சி.யில் நடந்தது. பின்னாளில் வந்த சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாத்திரைகள், மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுப்பது கால்சினியூரினை முடக்கித்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்சியம் ஏறுவது முன்னால் நடக்கிற காரியம், கால்சினியூரின் அதற்குப் பின்னால் வருகிறது. அதனால் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவரின் டி செல்லில் கால்சியம் நன்றாகவே ஏறலாம், ஆனாலும் இன்டர்லூகின்-2 வராது. கால்சியம் ஏறிவிட்டது என்பதற்காக எதிர்ப்பு சக்தி முழுசாக இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. ஏறவில்லை என்றால்தான் அந்த முடிவுக்குக் கனம் அதிகம், ஏனென்றால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் சரியாக நடக்க வழியில்லை.

சரி, உயிரோடு இருக்கும் ஒரு செல்லுக்குள் அயனியை எப்படி அளப்பது? செல்லைக் குத்தாமல், கொல்லாமல் உள்ளே போகிற சாயம் வேண்டும். இந்த வழியைத் திறந்தவர் ரோஜர் சியென். கால்சியத்தைப் பிடித்ததும் ஒளிர்வு மாறுகிற சாயங்களை அவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்க ஆரம்பித்தார். அந்தச் சாயங்கள் மின்னேற்றம் உள்ளவை, செல் சவ்வைத் தாண்டாது. அதற்கு அவர் 1981ல் சொன்ன உபாயம் இன்றும் எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறது. சாயத்தின் மின்னேற்றமுள்ள முனைகளை எஸ்டர் என்ற வேதிக் கட்டால் மூடி அனுப்ப வேண்டும். மூடிய சாயம் சவ்வைக் கடந்து உள்ளே போகும். செல்லின் சொந்த நொதிகள் அந்த மூடியை வெட்டிவிடும். திறந்த சாயம் வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். செல்லே தன்னை அளப்பதற்கான கருவியைத் தயார் செய்துகொள்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். சியெனுக்கு 2008ல் நோபல் கிடைத்தது பச்சை ஒளிர் புரதத்துக்காக. எதிர்ப்பு செல்களைப் படிப்பவர்களுக்கு அவர் தந்த பெரிய கொடை இந்தச் சாயங்கள் என்றே நான் சொல்வேன்.

ஃப்ளோவில் கால்சியம் அளக்க முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று ஃப்ளூவோ-4 போன்ற சாயம். 488 நானோமீட்டர் நீல லேசர் போதும், அது ஏறக்குறைய எல்லா ஃப்ளோவிலும் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்ததும் பச்சையாகப் பளிச்சென்று ஒளிரும். பார்க்க அழகாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஒரு செல் அதிகமாக ஒளிர்கிறது என்றால் அதில் கால்சியம் அதிகமா, இல்லை சாயம் அதிகமாகப் புகுந்துவிட்டதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரிய செல் சாயத்தை அதிகம் வாங்கும். சில செல்கள் வாங்கிய சாயத்தை வெளியே தள்ளவும் செய்யும்.

இன்னொரு வழி 1985ல் வெளிவந்த இண்டோ-1. புற ஊதா லேசரால் தூண்டினால், கால்சியம் பிடித்த இண்டோ-1 400 நானோமீட்டர் பக்கம் ஊதாவாக ஒளிரும். பிடிக்காதது 475 பக்கம் நீலமாக ஒளிரும். இரண்டையும் தனித்தனியே அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டால், சாயம் கூடக் குறைய இருப்பது, செல் பெரிதா சிறிதா என்பது, லேசர் கொஞ்சம் ஆடுவது எல்லாம் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது கால்சியம் மட்டும். புற ஊதா லேசர் உள்ள கருவி விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்காது. இல்லாதவர்கள் ஃப்ளூவோ-4ஐயும் ஃபியூரா ரெட்டையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். கால்சியம் ஏறும்போது முதலாவது கூடும், இரண்டாவது குறையும். இரண்டுக்கும் ஒரே நீல லேசர் போதும். இரண்டு சாயமும் எல்லா செல்லிலும் ஒரே விகிதத்தில் ஏறும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் ஒற்றைச் சாயத்தைவிட இது எவ்வளவோ மேல். வகுத்துப் பார்க்காத கால்சியம் படத்தை வைத்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி கருவி. செல்கள் மிதக்கும் திரவம் மெல்லிய ஊசி வழியாக ஏறி, வேகமாக ஓடும் இன்னொரு திரவத்தின் நடுவில் ஒற்றை வரிசையாக இழுபட்டு, லேசர் முன்னால் ஒவ்வொன்றாகக் கடக்கிறது. கடக்கும் அந்தக் கண நேரத்தில் எவ்வளவு ஒளி சிதறியது, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்ந்தது என்று பதிவாகிறது. கடந்த செல் கழிவுப் பாட்டிலுக்குப் போய்விடும், திரும்ப வராது. சிடி4 எண்ணுவதற்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. காலத்தோடு மாறுகிற ஒன்றை அளக்கும்போதுதான் விஷயம் வேறாகிறது.

மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று, கடக்கிற ஒவ்வொரு வண்டியும் ஹெட்லைட் போட்டிருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆறேகாலுக்குப் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். ஏழு மணிக்கு எல்லோரும். எந்த வண்டியும் லைட் போடும் அந்தக் கணத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு வண்டியை இரண்டு தடவை பார்க்கவும் இல்லை. இருந்தாலும் எப்போது இருட்டியது, எத்தனை பேர் லைட் போட்டார்கள் என்று உங்களால் சொல்லிவிட முடியும். ஃப்ளோவில் கிடைக்கும் கால்சியம் கோடு இந்த மாதிரிதான். கிடை அச்சில் நேரம், நிமிர் அச்சில் இண்டோ-1 விகிதம். முப்பதாவது விநாடியில் தெரிகிற செல்கள் வேறு, நூறாவது விநாடியில் தெரிகிறவை வேறு. கோடு மேலே ஏறுவதைப் பார்த்து 'இந்த செல் ஏறியது' என்று பேசுவது பழக்கத்தில் வந்துவிட்டது. உண்மையில் ஏறியது கூட்டம்.

இதில் படிக்கிறவரை ஏமாற்றுகிற இடம் சராசரி. விகிதத்தின் சராசரி பாதி உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்றால், எல்லா செல்களும் பாதி ஏறியிருக்கலாம். அல்லது பாதி செல்கள் முழுசாக ஏறி, மீதி அசையாமலே இருந்திருக்கலாம். மருத்துவத்தில் இந்த இரண்டும் ஒன்றே இல்லை. முதலாவதில் ஒவ்வொரு செல்லிலும் சமிக்ஞை மந்தமாக இருக்கிறது. இரண்டாவதில் ஒரு பிரிவு செல்கள் நன்றாக இருக்கின்றன, மற்றவை எதையும் கேட்கவில்லை. சராசரிக் கோட்டை மட்டும் வரைந்து கொடுத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு புள்ளி வைத்த படத்தைப் பார்க்க வேண்டும், இத்தனை சதவீத செல்கள் பதில் தந்தன என்ற எண்ணையும் கேட்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட குழந்தையிடம் கொடுத்தவரின் செல்லும் குழந்தையின் சொந்த செல்லும் கலந்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

ஃப்ளோவால் பார்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது. தனி டி செல் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் தொடர்ந்து பார்த்தால், கால்சியம் ஏறி இறங்கி ஏறி இறங்கித் துடிப்பது தெரியும். ஃப்ளோவில் ஒவ்வொரு செல்லும் ஒரே தடவைதான் தெரிவதால் அந்தத் துடிப்பு மற்ற செல்களோடு கலந்து தட்டையாகிவிடும். அந்தக் கேள்வி உள்ளவர்கள் மைக்ரோஸ்கோப்புக்குத்தான் போக வேண்டும். ஆயிரக்கணக்கான செல்களை, அதுவும் சிடி4, சிடி8 என்ற டி செல் வகைகள், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஃப்ளோவுக்கு நிகர் இல்லை.

பிரித்துப் பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டி செல்லை அடையாளம் காண வழக்கமாகப் போடுவது, அதன் மேற்பரப்பில் இருக்கும் சிடி3 என்ற புரதத்தில் ஒட்டுகிற ஆன்டிபாடி. கால்சியம் சோதனையில் அதைப் போட்டால் காரியம் கெட்டது, ஏனென்றால் டி செல்லை உசுப்புவதற்கும் அதே சிடி3 ஆன்டிபாடிதான். அடையாளம் போட்ட உடனேயே செல் முழித்துக்கொள்ளும். அதனால் சிடி4, சிடி8 வழியாக அடையாளம் வைத்து, சிடி3ஐ உசுப்பலுக்காக ஒதுக்கிவைப்பார்கள். பி செல்லுக்கு இதே முறையில், அதன் ஏற்பியான ஐ.ஜி.எம். மீதான ஆன்டிபாடியால் உசுப்பல்.

கருவி முன்னால் நடப்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் இப்படி இருக்கும். சாயம் ஏற்றிய செல்கள் உள்ள டியூப் 37 டிகிரி வெந்நீரில் இருக்கும். அதை எடுத்துக் கருவியில் மாட்டி, முதல் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ சும்மா ஓடவிடுவார்கள். இது அடிக்கோடு. பிறகு டியூபைக் கழற்றி, உசுப்பும் ஆன்டிபாடியை ஊற்றி, ஒரு குலுக்கு குலுக்கி, மறுபடி மாட்டுவார்கள். படத்தில் அந்த இடத்தில் ஒரு வெற்று இடைவெளி விழும். ஐந்து விநாடியில் மாட்டுகிற கையும் இருபது விநாடி எடுக்கிற கையும் ஒரே ரத்தத்தில் வேறு வேறு படம் தரும், ஏனென்றால் நியூட்ரோபில் (கிருமியை விழுங்கும் ஒரு வெள்ளணு) மாதிரியான செல்லில் முதல் ஏற்றம் விநாடிகளிலேயே வந்துவிடும். அப்புறம் சூடு. வேலூர் வெயிலுக்கு ஆய்வகத்தில் ஏ.சி. இல்லாமல் முடியாது. மே மாதம் வெளியே 40 டிகிரிக்கு மேல் போகும், கருவி அறை 22ல் இருக்கும். டியூபைச் சுற்றிச் சூடு தருகிற அமைப்பு இல்லையென்றால் சில நிமிடத்தில் செல் குளிர்ந்துவிடும், பதிலும் மந்தமாகும். நோயாளியின் செல் மந்தம் என்று எழுதுவதற்கு முன்னால் அறையின் ஏ.சி.யைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டம் முடியும் முன் கடைசியில் அயனோமைசின் ஊற்றுவது வழக்கம். அது ஏற்பியைத் தாண்டிக் கால்சியத்தை ஏற்றிவிடும். அப்போதும் அசையாவிட்டால் பெரும்பாலும் சாயம் ஏறவில்லை அல்லது செல் செத்துவிட்டது. ஓராய்1 மாதிரிக் குறைபாட்டைச் சந்தேகித்தால் அயனோமைசினை மட்டும் நம்ப முடியாது, அந்தக் குறைபாட்டில் அதற்கான பதிலும் குறையலாம். அதற்கு வேறு முறை உண்டு. கால்சியம் இல்லாத கரைசலில் செல்லை வைத்து, தாப்சிகார்ஜின் கொடுத்து உள்சேமிப்பைக் காலி செய்ய வேண்டும். சின்னதாக ஒரு ஏற்றம் வந்து அடங்கும். அப்போது வெளியே கால்சியத்தைச் சேர்த்தால், ஆரோக்கியமான செல்லில் செங்குத்தாக ஏறும். ஓராய்1 அல்லது ஸ்டிம்1 கெட்டிருந்தால் படுத்தே கிடக்கும். கோளாறு ஏற்பியின் பக்கமா, கால்சிய வழியிலா என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் எளிய சோதனைகள் குறைவு. அயனோமைசின் கருவியின் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. சரியாகக் கழுவாமல் அடுத்த டியூபை மாட்டினால், உசுப்பாத செல்லிலும் கால்சியம் ஏறியிருக்கும்.

இனி அமிலத்தன்மையைச் சொல்லும் பி.ஹெச். அளவுக்கு வருவோம், அது குறையக் குறைய அமிலம் அதிகம். சாயத்தை வைத்து அமிலத்தன்மை பார்ப்பது வட ஆற்காட்டுக்குப் புதிய வேலை இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டிய முகத்தில் புரோமோகிரிசால் கிரீன் சொட்டு விட்டு, அமிலம் உள்வரை இறங்கியிருக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்கிற அனுபவசாலிகள் உண்டு. மஞ்சள் என்றால் 3.8க்குக் கீழே, நீலம் என்றால் 5.4க்கு மேலே. அங்கே ஒன்றரை யூனிட் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால் போதும். எதிர்ப்பு செல்லின் சாறில் பி.ஹெச். 7.2 பக்கம், வெளியே ரத்தத்தில் 7.4. முக்கியமான மாற்றம் என்பதே 0.1, 0.2 யூனிட்தான். அற்பமாகத் தோன்றும். ஆனால் பி.ஹெச். மடக்கை அளவு, 0.3 யூனிட் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஃப்ளோவில் வசதியான சாயம் ஸ்னார்ஃப்-1. இதுவும் எஸ்டர் மூடியோடு உள்ளே போய்த் தங்குவதுதான். அமிலத்தில் 580 நானோமீட்டர் பக்கம் அதிகம் ஒளிரும், காரத்தில் 640 பக்கம். மறுபடியும் வகுத்தல். கால்சியத்தில் ஏறியது, இறங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பி.ஹெச்.சில் எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் அளவுகோல் போட்டே ஆக வேண்டும். பொட்டாசியம் அதிகமுள்ள கரைசல்களை 6.6, 6.9, 7.2, 7.5 என்று வெவ்வேறு பி.ஹெச்.சில் தயார் செய்து, நைஜரிசின் சேர்த்தால், செல்லின் உள்ளே உள்ள பி.ஹெச். வெளிக் கரைசலோடு சமமாகிவிடும். ஒவ்வொரு கரைசலிலும் விகிதம் எவ்வளவு என்று குறித்துக் கோடு போட்டால், நோயாளியின் விகிதத்தை பி.ஹெச்.சாக மாற்றிவிடலாம். அதே நாளில், அதே கருவியில், அதே சாயத்தில் போட்ட கோடாக இருக்க வேண்டும். போன மாதக் கோட்டை இந்த மாத செல்லுக்குப் பயன்படுத்துவது வீண் வேலை. நைஜரிசினும் குழாயில் ஒட்டும் பொருள்தான், அதனால் அளவுகோல் டியூப்களைக் கடைசியில் ஓட்டுவது நல்லது.

பி.ஹெச். மிகச் சுவையாவது விழுங்கும் செல்களில். மேக்ரோஃபேஜ் ஒரு கிருமியை விழுங்கினால், அதைச் சூழ்ந்த பை அமிலமாகிக்கொண்டே போய் 5க்கும் கீழே இறங்கும். காசநோய்க் கிருமி இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, உள்ளே தள்ளும் பம்பு அந்தப் பையில் வந்து சேராமல் தடுத்து, பி.ஹெச்.சை 6.3 பக்கமே நிறுத்திவைத்து, உள்ளேயே வாழ்கிறது. நியூட்ரோபில் இதற்கு நேர் எதிர். அதன் பை முதலில் அமிலமாகாது, நடுநிலையில் நிற்கும் அல்லது கொஞ்சம் காரமாகக்கூடப் போகும். கிருமியைக் கொல்ல ஆக்சிஜனை மாற்றும் நொதி அங்கே புரோட்டான்களைச் செலவழித்துக்கொண்டிருப்பதுதான் காரணம்.

இது தெரியாமல் பி.ஹெச்.ரோடோ சாயம் பூசிய பாக்டீரியாவை வைத்துச் சோதனை செய்கிறவர்கள் தவறான முடிவுக்கு வரலாம். அந்தச் சாயம் நடுநிலையில் மங்கலாக இருந்து, அமிலத்தில்தான் ஒளிரும். வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைக் கழுவிவிட வேண்டியதில்லை, முழு ரத்தத்திலேயே செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நியூட்ரோபில் மங்கலாகத் தெரிந்தால் அது விழுங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. விழுங்கியிருக்கலாம், பை இன்னும் அமிலமாகாமல் இருக்கலாம். பி.ஹெச்.சைப் பொருட்படுத்தாமல் எப்போதும் ஒளிரும் இன்னொரு சாயத்தையும் அதே பாக்டீரியாவில் பூசினால்தான் விழுங்கியதையும் அமிலமானதையும் தனித்தனியே பார்க்க முடியும். கூடவே நான்கு டிகிரியில் வைத்த ஒரு டியூபும் வேண்டும். குளிரில் செல் விழுங்காது என்பதால் அதில் தெரிகிற ஒளிர்வு பின்னணி மட்டுமே.

கால்சியத்தையும் பி.ஹெச்.சையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்பவை என்பதுதான். கால்சியச் சாயங்கள் அமிலத்தில் கால்சியத்தைப் பிடிக்கும் பலத்தை இழக்கின்றன. கால்சியம் உண்மையில் குறையாவிட்டாலும் செல் அமிலமானால் சாயம் குறைத்துக் காட்டும். நியூட்ரோபிலைப் பாக்டீரியாவின் பெப்டைடால், அதாவது சிறு புரதத் துண்டால், உசுப்பினால், விநாடிகளில் கால்சியம் ஏறும். செல்லின் சாறு முதலில் கொஞ்சம் அமிலமாகி, பிறகு சோடியத்தை வாங்கிக்கொண்டு புரோட்டானை வெளியேற்றிக் காரப் பக்கம் திரும்பும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது கால்சியக் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்துக் கதை எழுதினால் பாதிதான் சரியாக இருக்கும். நல்ல வேளையாக இண்டோ-1க்குப் புற ஊதா லேசர், ஸ்னார்ஃப்-1க்கு நீல லேசர் என்று தனித்தனியே இருப்பதால், இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்தே அளக்கலாம். கருவி இருக்கிற இடத்தில் இதைச் செய்வது கூடுதல் உழைப்புக்குத் தகுந்த வேலை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ரத்தம் எடுக்கிற இடத்தில் தெரிந்திருக்க வேண்டியது. சிடி4 எண்ணுவதற்கு ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. டியூபில் ரத்தம் எடுப்பார்கள். ஈ.டி.டி.ஏ. ரத்தத்தை உறையாமல் வைப்பதே கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான். கால்சியம் உள்ளே வருகிறதா என்று பார்க்கிற சோதனைக்கு அதே டியூபில் எடுத்தால், செல்லைக் கழுவி எடுத்து ஈடுகட்டப் பார்க்கலாம், ஆனால் முதலிலேயே பச்சை மூடி போட்ட சோடியம் ஹெப்பாரின் டியூபில் எடுத்துவிடுவதுதான் சரி. இந்தச் சோதனைக்குச் செல் உயிரோடு, சுறுசுறுப்போடு வர வேண்டும். திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ மாதிரி அனுப்புகிறவர்கள் அதை ஐஸில் புதைக்கவும் கூடாது, மே மாதம் காருக்குள் வெயிலில் விட்டுவைக்கவும் கூடாது, சாதாரண அறைச் சூட்டில் அன்றைக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கூடவே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில், அதே வகை டியூபில் எடுத்து, அதே பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அந்த நபர் நோயாளியின் உடன்பிறப்பாகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டாம், பரம்பரைக் குறைபாடாக இருந்தால் அவர்களிடமும் ஒரு பிரதி இருக்கலாம். உறவில்லாத ஆளின் டியூப் நல்ல பதில் தந்து, நோயாளியின் டியூப் தராமல் இருந்தால் மட்டுமே அந்தப் படத்தை வைத்து மேற்கொண்டு பேசலாம். இரண்டும் தராவிட்டால் வந்த வழியில்தான் கோளாறு. மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும், ரிப்போர்ட்டில் எதையும் எழுதக் கூடாது.